காட்டுப்பன்றியின் குடற்புழுவும் அதில் சேரும் ஈயமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெற்கதிர் பால் பிடிக்கும் காலம் வந்தால் வன்னியில் கமக்காரனுக்கு நித்திரை இல்லை. வயல், கச்சான் தோட்டம், மரவள்ளி என்று காட்டுப்பன்றி எதையும் விட்டுவைக்காது. ஊரில் ஒரு பன்றி விழுந்தால் அன்று பல வீட்டு அடுப்பில் கறி கொதிக்கும். உரிக்கிற இடத்தில் குடலுக்குள் இருந்து நீளப் புழு வருவதும், அதைக் கண்டவுடன் இரண்டு பேர் பங்கே வேண்டாம் என்று எழும்பிப் போவதும் வழக்கம்தான். இப்போது "அந்தப் புழுவில் ஈயம் இருக்காம், கட்மியம் இருக்காம்" என்ற பேச்சும் சேர்ந்துவிட்டது. பேச்சில் உண்மை உண்டு. ஆனால் பயம்தான் தவறான இடத்தில் போய் நிற்கிறது. எது எங்கே சேருகிறது, சாப்பிடுகிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குடலைக் கீறினால் வருகிற அந்தப் பெரிய புழு எது?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளையும் பிரித்துவிடும்.

முதலாவது வட்டப்புழு. விஞ்ஞானப் பெயர் அஸ்காரிஸ் சூம். உருண்டையாக, வழவழப்பாக, இரண்டு முனையும் கூராக இருக்கும். பெண் புழு 20 முதல் 40 சென்ரிமீற்றர் வரை வளரும். குடலுக்குள் எதையும் பிடித்துக்கொள்ளாமல் சும்மா நீந்திக்கொண்டு கிடக்கும். குடலைக் கீறியதும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இரண்டாவது முட்தலைப்புழு. மக்ராகாந்தோரிங்கஸ் ஹிருடினேசியஸ் என்று வாயில் நுழையாத பெயர். உலகில் பன்றி இருக்கிற பல நாடுகளிலும் இது உண்டு. பெண் புழு ஒரு முழத்தைத் தொடும், ஆண் 10 சென்ரிமீற்றரைத் தாண்டுவது அரிது. உடம்பு கொஞ்சம் தட்டையாக, குறுக்கே சுருக்கம் விழுந்து, வெளிறிய இளஞ்சிவப்பில் இருக்கும். இது இலேசில் கழன்று வராது. தலையில் நீட்டி மடக்கக்கூடிய ஒரு சிறு குமிழ், அதைச் சுற்றி வரிசை வரிசையாகப் பின்னோக்கி வளைந்த முட்கள். அந்தக் குமிழைக் குடற்சுவருக்குள் புதைத்து வைத்திருக்கும். இழுத்தால் புழு அறுந்து வரும், தலை உள்ளேயே நிற்கும். குடலைக் கீறுவதற்கு முன்பே வெளிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பட்டாணி அளவில் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் அது புழு முள் குத்திய இடம்.

முட்தலைப்புழு பன்றிக்கு எப்படி வருகிறது?

வண்டுப்புழு வழியாக. பன்றியின் எச்சத்தோடு வெளிவரும் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாணத்திலும் உக்கலிலும் வாழும் வண்டின் வெள்ளைப்புழு அதை விழுங்கும். பன்றி மூக்கால் மண்ணைக் கிண்டுவதே அந்த மாதிரிப் புழுக்களைத் தேடித்தான். தின்ற இரண்டு மூன்று மாதத்தில் குடலில் முட்தலைப்புழு முட்டையிடத் தொடங்கிவிடும். குளத்துக் கரையோரம் உழுதுவிட்ட மாதிரிக் கிளறிக் கிடக்கும் நிலத்தைப் பார்த்திருப்பீர்கள், இந்தச் சுற்று நடக்கிற இடம் அதுதான். வட்டப்புழுவுக்கு இந்த இடைத்தரகர் தேவையில்லை. முட்டை நேரடியாக வாய்க்குள் போனாலே போதும்.

புழுவின் உடம்பில் என்ன சத்து இருக்கிறது?

உயிர்ப் புழுவில் பெரும்பகுதி தண்ணீர். காய வைத்து மிஞ்சுவதில் அதிகம் புரதம். அடுத்து வருவதுதான் சுவையான விசயம்: கிளைக்கோஜன். எங்கள் ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் அதே மாப்பொருள். வட்டப்புழுவில் காய்ந்த எடையில் பத்திலொரு பங்குக்கு மேல், சிலவேளை கால்பங்கு அளவுக்குக்கூட இது இருக்கும். காரணம் குடலுக்குள் ஒட்சிசன் மிகக் குறைவு. ஒட்சிசன் இல்லாமல் உயிர்வாழ்கிற பிராணி சீனியை அரைகுறையாகத்தான் எரிக்க முடியும், ஆகவே நிறையச் சேமித்து நிறையச் செலவழிக்கிறது. அப்படி எரிக்கும்போது மிஞ்சுகிற கொழுப்பமிலங்கள்தான் புழுவை வெட்டினால் வருகிற அந்தக் குமட்டும் மணத்துக்கும் ஒரு காரணம்.

வட்டப்புழுவை ஊசியால் குத்தினால் உள்ளிருந்து இளஞ்சிவப்புத் திரவம் வடியும். அது பன்றியின் இரத்தம் என்று பலர் நினைப்பார்கள். இல்லை, அது புழு தானே செய்கிற ஹீமோகுளோபின். எங்கள் இரத்தத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 25,000 மடங்கு இறுக்கமாக ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் திரவம் சிலருக்கு ஒவ்வாது. கண் எரியும், தும்மல் வரும், இழுப்புக்காரருக்கு இழுப்புக் கிளம்பும். புழுவோடு வேலை செய்கிற ஆய்வுகூட ஆட்களுக்கு இது பழகிப்போன தொல்லை. வெட்டுகிறவர் கையுறை போடுவது நல்லது.

கொழுப்பு உடம்பு முழுக்க ஒரே அளவில் இல்லை. பெண் புழுவின் சூலகத்தில் அதிகம், ஏனென்றால் ஒரு பெண் வட்டப்புழு நாளுக்கு இரண்டு இலட்சம் முட்டை வரை இடும். அந்த முட்டைக் கோதின் உட்பக்கத்தில் கொழுப்பாலான ஒரு படலம் உண்டு, மண்ணில் வறட்சியையும் மருந்தையும் தாங்குவது அதனால். தாதுப்பொருளில் கல்சியம், பொசுபரசு, இரும்பு, நாகம், செப்பு, மங்கனீசு எல்லாம் இருக்கும். இவை புழுவுக்கும் வேண்டியவை, பன்றிக்கும் வேண்டியவை.

புரதம் அவ்வளவு என்றால் கோழிக்கோ மீனுக்கோ தீனியாகப் போடலாமா?

வேண்டாம். தோற்படலத்தின் புரதம் கொலாஜன் வகை, சமநிலையான தீனி இல்லை. அதைவிட, புழு வயிற்றில் நிறைந்திருக்கும் முட்டை கோழியின் வயிற்றைத் தாண்டி உயிரோடு வளவெல்லாம் பரவும். மூன்றாவது காரணம் கீழே சொல்லப்போகிற உலோகம்.

பார உலோகம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

இங்கே முக்கியமாக ஈயமும் கட்மியமும். நாகமும் செப்பும் அளவோடு உடம்புக்குத் தேவை. ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் உடம்பில் ஒரு வேலையும் இல்லை. வந்தால் இலேசில் போகாது. கட்மியம் மனிதச் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டு தங்கும். ஈயம் கல்சியத்தைப் போல நடித்து எலும்புக்குள் போய் உட்காரும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

சரி, புழுவில் உலோகம் சேருகிறது என்பது உண்மையா?

உண்மை. அதுவும் நம்ப முடியாத அளவுக்கு.

இந்த ஆராய்ச்சி மீனில்தான் தொடங்கியது. 1990களில் ஜெர்மனியில் ரூர் ஆற்று மீன்களின் குடலில் இருந்த ஒரு முட்தலைப்புழுவை அளந்தார்கள். மீனின் தசையில் இருந்ததைவிட 2,700 மடங்கு ஈயம் புழுவில் இருந்தது. ஆற்றுத் தண்ணீரோடு ஒப்பிட்டால் 11,000 மடங்கு. பிறகு அதே வழியில் பன்றிப் புழுவையும் பார்த்தார்கள். பொலிவியாவின் லா பாஸ் நகரக் கொல்களத்துப் பன்றிகளில் இருந்து எடுத்த முட்தலைப்புழுவைப் பன்றியின் தசை, ஈரல், சிறுநீரகத்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஈயமும் கட்மியமும் உட்படப் பல மூலகங்கள் பன்றியின் உறுப்புகளைவிடப் புழுவிலேயே கூட. எலிகளுக்கு ஆய்வுகூடத்தில் கட்மியம் கொடுத்துப் பார்த்தபோதும் எலியின் முட்தலைப்புழு கட்மியத்தை இழுத்துச் சேர்த்தது.

இதை வைத்து வன்னிப் பன்றியின் புழுவிலும் 2,700 மடங்கு என்று எழுதித் திரிய வேண்டாம். அது ஆற்று மீனின் கணக்கு. தொழிற்சாலைக் கழிவு விழுந்த ஜெர்மன் ஆறும் எங்கள் குளமும் ஒன்றில்லை. மீனில் வருகிற மடங்கும் பன்றியில் வருகிற மடங்கும் ஒன்றில்லை.

ஏன் முட்தலைப்புழுவில் மட்டும் இவ்வளவு? வட்டப்புழுவும் அதே குடலில்தானே இருக்கிறது?

நல்ல கேள்வி. முட்தலைப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. சாப்பாடு முழுவதும் தோல் வழியாகத்தான். அந்தத் தோல் நுண்துளை நிறைந்து, சுற்றியிருக்கிற திரவத்தை உறிஞ்சுவதற்கென்றே அமைந்தது.

ஈயம் அந்தத் திரவத்துக்குள் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பன்றி விழுங்கிய ஈயத்தில் ஒரு பகுதி இரத்தத்துக்குள் போய் ஈரலை அடையும். ஈரல் அதைப் பித்தத்தோடு சேர்த்துத் திரும்பவும் குடலுக்குள் கொட்டும். சாதாரணமாகக் குடல் அந்தப் பித்தத்தில் பெரும்பகுதியை மீண்டும் உறிஞ்சி ஈரலுக்கு அனுப்பும், ஈயமும் அதோடு கூடவே சுற்றும். இந்த வட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது புழு. அதுக்குக் கொழுப்புச் சத்துகளைத் தானே செய்துகொள்ளும் வல்லமை குறைவு, ஆகவே பித்தத்தை ஆவலோடு உறிஞ்சுகிறது. பித்தத்தோடு ஒட்டிய ஈயமும் உள்ளே போகிறது. போனது வெளியே வரும் வழி குறைவு.

வட்டப்புழு வாயால் தின்று குடலால் செமித்து மிச்சத்தைக் கழிக்கிற பிராணி. வெளியே தடித்த தோற்படலம். அதனால் அதிலும் உலோகம் இருக்குமே தவிர முட்தலைப்புழு அளவுக்குச் சேராது. நாடாப்புழுவுக்கும் குடல் கிடையாது, தோலால்தான் உண்கிறது, எனவே அதுவும் நன்றாகச் சேர்க்கும். முட்டை இடும்போது பெண் புழு உலோகத்தில் ஒரு பங்கை வெளியேற்றவும் கூடும், ஆணையும் பெண்ணையும் கலந்து அளந்தால் கணக்குக் குழம்புவது இதனால்தான்.

அப்படியென்றால் புழு ஈயத்தை உறிஞ்சிவிட்டது, இறைச்சி சுத்தம் என்று எடுக்கலாமா?

இதைச் சிரித்துக்கொண்டு கேட்பவரும் உண்டு, நிசமாகவே கேட்பவரும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு புழு ஐந்து கிராம் என்று வைப்போம். இருபது புழு என்றால் 100 கிராம். பன்றி 60 கிலோ. அதாவது பன்றி புழுவைவிட 600 மடங்கு பாரம். புழுவில் ஒவ்வொரு கிராமிலும் பன்றியைவிட 50 மடங்கு ஈயம் இருந்தாலும், மொத்தத்தில் பன்றியில் இருப்பதன் பன்னிரண்டில் ஒரு பங்குதான் புழுக்களில் இருக்கும். மிச்சம் எல்லாம் பன்றியில். முட்தலைப்புழு பிடித்த சில மீன்களின் ஈரலில் ஈயம் குறைந்திருந்ததை அளந்து காட்டியிருக்கிறார்கள் என்பது மெய். அதை வைத்துப் புழு உள்ள பன்றியைத் தேடி வாங்குவது வீண் வேலை.

புழுவால் விஞ்ஞானிக்கு உள்ள பிரயோசனம் வேறு. இறைச்சியில் கருவிக்கே எட்டாத சிறு அளவு ஈயம் புழுவில் திரண்டு கிடப்பதால் அளக்க இலகு. அந்தக் காட்டில் உலோகம் இருக்கிறதா இல்லையா என்று காட்டிக்கொடுக்கிற ஆள் அது.

வன்னிக் காட்டில் பன்றிக்கு உலோகம் எங்கிருந்து வரும்?

மண்ணிலிருந்து. மானும் மரையும் இலையைக் கடித்துவிட்டுப் போகும், பன்றி கிழங்கோடும் மண்புழுவோடும் மண்ணையும் சேர்த்து விழுங்கும். மண்ணில் என்ன இருக்கிறதோ அது பன்றிக்கும் கிடைக்கும்.

வயல் மண்ணில் பொசுபேற்று உரம் வழியாகக் கட்மியம் வரலாம், உரம் செய்கிற பாறையிலேயே அது கலந்திருக்கும். வாகன பற்றரியை உடைத்து ஈயம் உருக்குகிற இடங்களைச் சுற்றி ஈயம் தேங்கும். வலைக்குக் கட்டுகிற ஈயம் குளத்து அடியிலும் கடனீரேரிக் கரையிலும் கிடக்கும். பிறகு 2009 வரை நடந்த யுத்தம். மண்ணில் புதைந்த ரவையும் சிதறலும் மழை நீரில் மெல்ல மெல்ல அரித்துக் கரையும். துப்பாக்கிப் பயிற்சி நிலங்களின் மண்ணில் ஈயம் ஏறிக் கிடப்பது பல நாடுகளில் அளந்து காட்டப்பட்ட ஒன்று. புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பன்றி எந்த வேலியையும் எந்த எச்சரிக்கைப் பலகையையும் பார்த்து நிற்பதில்லை. நீங்கள் நில்லுங்கள். பழைய இரும்பு பொறுக்கவோ பன்றி தேடவோ சிவப்புப் பலகை போட்ட நிலத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

பன்றியின் எந்தப் பாகத்தில் அதிகம் சேரும்?

கட்மியம் முதலில் ஈரலுக்குப் போகும், பிறகு சிறுநீரகத்தில் குடியேறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச வரம்பைப் பார்த்தாலே விளங்கும்: பன்றித் தசைக்குக் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், ஈரலுக்கு 0.5, சிறுநீரகத்துக்கு 1.0. உறுப்புகளில் கூடுதலாகச் சேரும் என்று தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள். வயது போகப் போகக் கட்மியம் கூடும். கொம்பன் பன்றி என்று பெருமையாகச் சொல்கிற கிழட்டுப் பன்றியின் சிறுநீரகத்தை எறிந்துவிடுவது புத்தி. குட்டிப் பன்றியின் ஈரலை எப்போதாவது வறுத்துத் தின்றால் குடி முழுகிப் போகாது.

புழுவும் உறுப்பும் சரி. இறைச்சியில் ஈயம் வருவதற்கு வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றைத்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். மண்ணிலிருந்து பன்றிக்குள் போகிற ஈயம் மில்லிகிராமிலும் சிறிய கணக்கு. துவக்கிலிருந்து போகிற ஈயம் கிராம் கணக்கு.

கட்டுத்துவக்கிலும் நாட்டுத் துவக்கிலும் போடுகிற சன்னம் பெரும்பாலும் உருக்கிய ஈயம். எலும்பில் பட்டால் நசுங்கிச் சிதறும். கண்ணுக்குத் தெரிகிற துண்டைப் பொறுக்கி எறிந்துவிடுவோம், சோற்றில் கல் கடித்த மாதிரிப் பல்லில் பட்டதையும் துப்பிவிடுவோம். தெரியாத தூள்தான் கறியோடு உள்ளே போகிறது. வேகமான ரைபிள் ரவை பட்ட விலங்குகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது காயத்திலிருந்து ஒரு சாணுக்கு அப்பாலும் ஈயத் துகள் தெரிந்திருக்கிறது. நாட்டுத் துவக்கின் வேகம் குறைவு, சிதறலும் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒன்றுக்குப் பதிலாகப் பல சன்னம் பாய்கிறது, காயமும் பல.

இனிச் சமையலுக்கு வருவோம். பன்றிக் கறிக்குக் கொறுக்காய்ப் புளி போடுகிறோம். சிலர் வினாகிரியில் ஊறவைக்கிறார்கள், சிலர் தேசிக்காய் பிழிகிறார்கள். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். சன்னம் உள்ள பறவை இறைச்சியை வினாகிரியோடு சமைத்துப் பார்த்த ஆய்வில் இறைச்சியில் கரைந்த ஈயம் கூடியது. துண்டாகக் கிடந்த ஈயத்தில் பெரும்பகுதி வயிற்றைக் கடந்து வெளியே போய்விடக்கூடும். கரைந்த ஈயம் அப்படிப் போகாது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். காயத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு, இரத்தம் கட்டிக் கறுத்த இறைச்சி முழுவதையும் தாராளமாக வெட்டி எறியுங்கள். அந்தப் பகுதியைக் கழுவிச் சேர்க்கலாம் என்று பார்க்காதீர்கள், கழுவினால் தூள் மற்ற இறைச்சிக்கும் பரவும். கொத்திய இறைச்சியிலும் வத்தலிலும் காயத்துப் பகுதி கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. ஈயச் சன்னத்தால் சுட்ட விலங்கின் இறைச்சியைச் சிறுபிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பிள்ளை பெறும் எண்ணத்தில் இருக்கிற பெண்களும் தவிர்க்க வேண்டும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அறிவுரை சொல்லியிருக்கிறது. பிரசவித்த பெண்ணுக்குத் தெம்பு வரும் என்று பன்றிக் கறியைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் அம்மம்மாமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஈரலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அது ஈயமா?

இல்லை. வட்டப்புழுவின் குஞ்சு குடலில் இருந்து ஈரல் வழியாக நுரையீரலுக்குப் போகிற பயணத்தில் விட்ட தழும்பு. ஈயத்தையோ கட்மியத்தையோ கண்ணால் காண முடியாது. புள்ளி உள்ள ஈரலைத் தின்ன மனம் ஒப்பாவிட்டால் விடுங்கள், நட்டமில்லை. தசைக்குள் அரிசி அளவில் தண்ணீர்க் குமிழ் தெரிந்தால் கதை வேறு, அது நாடாப்புழுவின் குஞ்சாக இருக்கலாம். அந்த இறைச்சியை முழுவதுமாகப் புதைத்துவிடுங்கள்.

நன்றாக அவித்தால் எல்லாம் சரிதானே?

புழுவுக்குச் சரி. இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியசைத் தொட்டால் தசையில் ஒளிந்திருக்கிற குஞ்சுகள் செத்துவிடும். கறி கொதிக்கிற சூடு அதைவிட அதிகம். வாட்டிய இறைச்சியிலும் அரைகுறையாகப் புகை பிடித்த வத்தலிலும்தான் சந்தேகம். ஈயமும் கட்மியமும் மூலகங்கள். எவ்வளவு நேரம் அவித்தாலும் குறையாது, தண்ணீர் வற்ற வற்றக் குழம்பில் செறிவுதான் கூடும்.

இந்தப் புழு மனிதருக்கு வருமா?

பன்றியின் வட்டப்புழு வரும். ஆனால் புதிதாக வெளிவந்த முட்டை உடனே தொற்றாது. மண்ணில் சில கிழமை கிடந்து உள்ளே குஞ்சு வளர்ந்த பிறகுதான் தொற்றும். அதனால் உரிக்கிற நேரத்தைவிட ஆபத்தானது குடலைக் கொட்டுகிற இடம். கிணற்றடியிலோ கீரைப் பாத்தியிலோ கொட்டினால் அடுத்த மாதம் அந்த மண்ணில் விளையாடுகிற பிள்ளைக்குத்தான் வரும். ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள், பிள்ளைக்கு நேரத்துக்குப் பூச்சிக் குளிசை கொடுங்கள்.

முட்தலைப்புழு மனிதருக்கு வருவது மிக அரிது. வண்டைப் பச்சையாகத் தின்றால்தான் வரும். சீனாவில் வண்டு தின்ற பிள்ளைகளுக்கு வந்து, குடல் துளைத்துச் சத்திரசிகிச்சை வரை போயிருக்கிறது.

வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோய்க்குப் பன்றி இறைச்சி காரணமா?

அப்படிச் சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. காரணம் புரியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. வவுனியாவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. வெயிலில் தண்ணீரில்லாமல் வேலை செய்வது, கிணற்று நீரின் கடினமும் புளோரைட்டும், விவசாய மருந்து, கட்மியம் போன்ற உலோகம் என்று பல காரணங்களை ஆராய்ச்சியாளர் முன்வைக்கிறார்கள், விவாதம் இன்னும் முடியவில்லை. பன்றி இறைச்சியைக் கையாலும் தொடாத வீடுகளிலும் அந்த நோய் இருக்கிறது. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர் மட்டும் ஈரல், சிறுநீரகக் கறியை விட்டுவிடுவது நல்லது.

நாய்க்குக் குடலைப் போடலாமா?

பச்சையாகப் போடாதீர்கள். நாயின் குடலில் வாழ்கிற ஒரு சிறு நாடாப்புழு இருக்கிறது. அதன் குஞ்சு பன்றியின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும். அதை நாய் தின்றால் நாயில் புழு, நாயின் எச்சத்திலிருந்து உங்களுக்கு நீர்க்கட்டி. சன்னக் காயத்து இறைச்சியை "நாய்க்குத்தானே" என்று எறிவதும் பிழை, நாய்க்கும் ஈயம் நஞ்சுதான்.

காட்டில் செத்துக் கிடக்கிற பன்றியில் புழு எடுத்து ஆராயலாமா?

இப்போது வேண்டாம். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024 ஒக்டோபரில் இலங்கையில் உறுதிப்படுத்தப்பட்டது. அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் உங்கள் செருப்பிலும் கத்தியிலும் ஒட்டிக்கொண்டு வளர்ப்புப் பன்றிப் பட்டிக்கு வந்தால் ஒன்றும் மிஞ்சாது. செத்த பன்றியைக் கண்டால் தொடாமல் கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். சுண்டிக்குளம், மடு வீதி இரண்டும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள். அவற்றுக்குள் வேட்டையும் குற்றம், அனுமதியில்லாமல் மாதிரி எடுப்பதும் சிக்கல்.

பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். இதை ஆய்வாகச் செய்யலாமா? எப்படித் தொடங்குவது?

தாராளமாகச் செய்யலாம். வவுனியாப் பல்கலைக்கழகமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் காட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அனுமதியையும் ஒழுக்கவியல் குழுவின் சம்மதத்தையும் முதலில் எடுங்கள்.

அளவை கெடுவது பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் இல்லை, மாதிரி எடுக்கிற இடத்தில். பழைய இரும்புக் கத்தியால் புழுவை வெட்டினால் கத்தியின் உலோகத்தையும் சேர்த்து அளப்பீர்கள். பிளாஸ்ரிக் இடுக்கி பாவியுங்கள். புழுவில் ஒட்டியிருக்கிற குடற்சேற்றைக் காய்ச்சி வடித்த நீரில் பல தடவை அலசுங்கள், அந்தச் சேற்றிலேயே மண் இருக்கிறது. முட்தலைப்புழுவைக் கொஞ்ச நேரம் நீரில் விட்டால் உப்பி, உள்ளே மடங்கியிருந்த முட்குமிழ் தானே வெளியே தள்ளும், இனத்தை அடையாளம் காண அது வேண்டும். ஆணையும் பெண்ணையும் பிரித்து நிறுங்கள். போமலினில் போடாமல் உறைய வையுங்கள். போத்தல்களை நைத்திரிக் அமிலத்தில் ஒரு இரவு ஊறவைத்துக் கழுவுங்கள்.

சத்துப் பக்கம் பழைய வழிதான்: காய வைத்து ஈரப்பதன், கெல்டால் முறையில் நைதரசன் எடுத்து 6.25 ஆல் பெருக்கிப் புரதம், சொக்சிலெற் கருவியில் கொழுப்பு, 550 பாகையில் எரித்துச் சாம்பல். உலோகத்துக்கு அமிலத்தில் கரைத்து அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் அளக்கலாம். அதே பன்றியின் தசை, ஈரல், சிறுநீரகம் மூன்றையும் சேர்த்து எடுக்க மறக்காதீர்கள், அவை இல்லாவிட்டால் "எத்தனை மடங்கு" என்ற கேள்விக்கே பதில் வராது. பன்றி சன்னம் பட்டு விழுந்ததென்றால் காயத்துக்கு எட்ட இருக்கிற தசையை எடுங்கள். முடிவை ஈர எடையிலா காய்ந்த எடையிலா தருகிறீர்கள் என்று ஒவ்வொரு அட்டவணையிலும் எழுதுங்கள். புழுவில் ஐந்தில் நான்கு பங்கு வரை தண்ணீர் என்பதால், இரண்டையும் குழப்பினால் ஒரே புழுவின் ஈயம் ஐந்து மடங்கு ஏறி இறங்கும்.